மங்குக் கிண்ணத்தில் பல்

உ
சிவமயம்

பள்ளத்தூர்
தை 6

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் நன்றாக இருக்கிறார்களா?

போன வாரம் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "வீடியோவில் வந்தால் ஏன் எப்போதும் விட்டத்தையே காட்டுகிறீர்கள்?" என்றாய். பர்மாத் தேக்கு விட்டம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காகக் காட்டவில்லை. ஒன்றரை வருடமாக எனக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை, ஆத்தா. கீழே முன்னால் ஆறு மட்டும் நிற்கின்றன. உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் மேல் கோபப்படாதே.

ஒன்றுகூடச் சொத்தைப் பல் இல்லை. பல் நன்றாக இருந்தது, ஈறுதான் கைவிட்டுவிட்டது. சர்க்கரை கட்டுக்கு அடங்காவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு சீழ் பிடித்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். இரண்டும் கூட்டு வியாபாரம். என் நாற்பது வருடத்துப் புகையிலையும் அதில் ஒரு பங்குதாரர். கடைசியில் கொய்யாப்பழத்தைக் கடித்தால் பழத்தோடு பல் வந்தது.

அதற்குப் பிறகு செய்த முட்டாள்தனத்தைக் கேள். மிச்சமிருந்த மேல்பற்களை எடுத்த மறு வாரமே, 'இரண்டே நாளில் பல்செட்' என்று போர்டு மாட்டியிருந்த ஓர் இடத்தில் கட்டிக்கொண்டேன். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரையும். முதல் சில மாதங்களில்தான் அது வேகமாகக் கரையும். அதனால் பெரும்பாலும் ஈறு ஆறும்வரை இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் அளவெடுப்பார்கள். உடனே கட்டவே கூடாது என்றில்லை. கட்டினால், எலும்பு கரையக் கரைய செட்டின் உட்புறத்தில் புதிதாகப் பூசி அளவைச் சரிசெய்துகொண்டே வர வேண்டும். அங்கே அதைச் சொன்னவரும் இல்லை, கேட்கும் புத்தி எனக்கும் இல்லை. நாலாம் மாதம் அது அண்ணன் செருப்பைத் தம்பி போட்டதுபோல ஆடியது.

கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுக் கல்யாணம். முகப்பில் நின்று "வாருங்கள், வாருங்கள்" என்று வரவேற்றுக்கொண்டிருந்தேன். அழுத்திச் சொன்ன ஒரு "வாருங்கள்" செட்டையும் வெளியே கூட்டிப் போய்விட்டது. ஆத்தங்குடிக் கல்லில் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கமாகச் சுழன்று நின்றன. ஒரு சின்னப் பையன் குனிந்து பொறுக்கி, "ஐயா, உங்களுடையதா?" என்று இரண்டு கையாலும் நீட்டினான். மரியாதை தெரிந்த பிள்ளை. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் கடைப் பசையை வாங்கி ஒட்டிப் பார்த்தேன். அதையும் எவரும் செய்யக் கூடாதாம். மயிரிழை தப்பி ஒட்டினாலும் ஈறில் புண் வரும், அதன்பின் முறையாகச் சேர்க்கவும் முடியாது. உடைந்தால் துண்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் பிற்பாடு வாங்கிய திட்டில் தெரிந்துகொண்டது. அந்த நாளிலிருந்துதான் உனக்கு விட்டம். எனக்குக் குழைந்த சோறும், பருப்பு மாவில் கிண்டிய கும்மாயமும்.

தீபாவளிக்கு அம்மா கைமுறுக்கைப் பாலில் ஊறப்போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. காரைக்குடியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். உன் வயதுதான் இருக்கும். ஐந்து தடவை வரச் சொன்னார். ஒரு பல்தட்டுக்கு ஐந்து நடையா என்று முதலில் முணுமுணுத்தேன். முதல் இரண்டு நாளும் அச்செடுப்பது. மூன்றாம் நாள் மேலும் கீழும் மெழுகுத் திட்டுகளை வைத்து, என் மூக்கு நுனியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி இட்டார். "ஐயா, 'அம்மா' என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை, உதடு சேர்ந்ததும் அப்படியே சும்மா இருங்கள்." உதடு சேரும் அந்த இடத்தில் தாடை இயல்பாக ஓய்கிறதாம். இரண்டு புள்ளிக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் பார்த்தார். கடிக்கும்போது அந்த உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைய வேண்டும். கூடிவிட்டால் பேசும்போது பல்லோடு பல் இடிக்கும், ரொம்பக் குறைந்தால் கன்னம் ஒட்டி முகம் கிழடு தட்டும். அறுபத்தொன்பது வயதில் ஒரு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஏழெட்டுத் தடவை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். உன் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. கண் கலங்கியதற்கு மெழுகு சுட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

நாலாம் தடவை அம்மாவையும் கூட்டிப் போனேன். அன்று பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துக் காட்டுவார்கள். மாற்ற வேண்டியதை அன்றே சொல்லிவிட வேண்டும். கெட்டிப்படுத்திய பிறகு சொல்லிப் பயனில்லை. நான் மல்லிகைப்பூ நிறத்தில் கேட்டேன். மருத்துவர் கீழ்ப்பற்களின் பழுப்பைக் காட்டி, மேலே வெள்ளையும் கீழே பழுப்புமாக இருந்தால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரியும் என்றார். அம்மா பையிலிருந்து 1981இல் எடுத்த எங்கள் கல்யாணப் படத்தை எடுத்தாள். "இவர்களுக்கு இந்த முன்பல் பக்கத்துப் பல் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும், அப்படியே வையுங்கள்" என்றாள். வைத்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக அவள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மேலே முழு செட், அண்ணத்தையும் மூடிக்கொண்டு. கீழே இரண்டு பக்கக் கடைவாய்க்கும் சேர்த்து ஒரு பகுதி செட், இரண்டு கோரைப்பல்லிலும் கம்பி பிடித்திருக்கும். மேலுக்கு மட்டும் போதுமே என்று கணக்குப் பார்த்தேன். மருத்துவர் விடவில்லை. கீழே கடைவாயில் பல் இல்லாவிட்டால் இந்த ஆறு பல்லும் மேல்தட்டின் முன்பக்கத்தையே குத்திக்கொண்டிருக்குமாம். பின்பக்கம் பிடிவிட்டு இறங்கும், முன்பக்கத்து எலும்பு தேயும். முதல் தேய்ந்தால் வட்டி என்ன பேசுவது? கட்டிக்கொண்டேன்.

உன் ஐயாவின், அதாவது உன் தாத்தாவின், பல்செட் உனக்கு நினைவிருக்காது. ரங்கூனில் கட்டியது, ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டு இறுக்கியது. 1930களின் கடைசியில் அக்ரிலிக் வரும்வரை அதுதான் வழக்கம். ஈறு செங்கல் நிறத்தில் இருக்கும். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர் வாயிலும் ரப்பரையே வைத்திருந்தார்.

நீ சொல்லப்போவது தெரியும்: "எலும்பில் திருகும் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளுங்கள், பணம் நான் அனுப்புகிறேன்." அது மட்டம் என்று நான் சொல்லவில்லை. கடிக்க அதுதான் வலு, எலும்பையும் பிடித்து நிறுத்தும். ஆனால் என் மேல்தாடை எலும்பு மெலிந்துவிட்டது. முதலில் எலும்பு சேர்க்க வேண்டும், ஆற மாதக்கணக்கில் ஆகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. இந்த அளவில் புண் ஆறுவதும் திருகு பிடிப்பதும் உறுதியில்லை. மருத்துவர் முடியாது என்று சொல்லவில்லை, சர்க்கரையை இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எனக்கு இது போதும். பணத்தைப் பேத்தி பேரில் போடு.

போதும் என்றால் சுகம் என்று அர்த்தமில்லை. முதல் வாரம் வாயில் யாரோ குடிவந்தாற்போல இருந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. 'சிவசிவ' என்றால் 'ஷிவஷிவ' என்று வந்தது. தினமும் வீட்டுப் பட்டாலை மேடையில் உட்கார்ந்து நாளிதழை உரக்கப் படித்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி, ஐயாவுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பதினைந்து நாளில் நாக்குப் பழகிவிட்டது. முன்பல்லால் எதையும் கடித்திழுக்கக் கூடாது, செட் புரண்டுவிடும். சின்னத் துண்டாக்கி, இரண்டு கன்னத்திலும் சமமாக வைத்து மெல்ல வேண்டும். அண்ணம் மூடியிருப்பதால் காபியின் சூடு தொண்டைக்குப் போன பிறகுதான் தெரிகிறது. ஒரு தடவை நன்றாகச் சுட்டுக்கொண்டேன்.

பிள்ளையார் நோன்பன்று, நூலிழைத் திரி எரியும் மாவைத் தீயோடு வாயில் போட வேண்டுமே, செட்டைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். அம்மா முறைத்தாள். போட்டுக்கொண்டே எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. பொரிதான் பழிவாங்கியது. நெல்பொரியின் உமி ஒன்று தட்டுக்கடியில் புகுந்து, செருப்புக்குள் கல் புகுந்த கதையாகிவிட்டது. ஈறில் புண். அரம் எடுத்து நானே ராவிவிடலாம் என்று கை துறுதுறுத்தது, பசை அனுபவம் தடுத்தது. மருத்துவரிடம் போனேன். போவதற்குச் சில மணி நேரம் முன்பே மாட்டிக்கொண்டு போனால்தான் அழுத்தும் இடம் தெரியும். இரண்டு நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்தார். பலகாரத்தில் சீடைக்காய் இன்னும் எட்டவில்லை. மனகோலம் ஒடித்துப் போட்டால் முடிகிறது.

இரவில் கழற்றிவிட வேண்டும், ஈறுக்கும் ஓய்வு வேண்டும். மென்மையான பிரஷும் சோப்பும் போட்டுத் தேய்ப்பேன். பற்பசை கீறிவிடும், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். கைதவறினாலும் உடையாதபடி கீழே ஒரு வாளித் தண்ணீர். கானாடுகாத்தான் போதும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஊற வைப்பேன். அதற்கு அகப்பட்டது அம்மாவின் சீரில் வந்த, எனாமல் பூசிய மங்குக் கிண்ணம், ஸ்வீடன் சரக்கு, நீல விளிம்பு. இரண்டாங்கட்டு அலமாரியில் அறுபது கிண்ணம் சும்மா தூங்குகிறதே என்று ஒன்றை எடுத்தேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "என்னைப் பெற்றவர்கள் அடுக்கிக் கொடுத்தது உங்கள் பல் குளிக்கவா?" என்கிறாள். நீ சித்திரையில் வரும்போது அங்கிருந்து மூடிபோட்ட டப்பா ஒன்று வாங்கி வா. வேறு எதுவும் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை நேராகவே வைக்கிறேன். இரவு ஒன்பதுக்குள் கூப்பிடு. அதற்குமேல் பல் கிண்ணத்தில் இருக்கும்.

அன்புடன்,
அப்பச்சி