ட்வைன் ஊர் சுற்ற வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துணுக்குகள் எல்லாம் சரி, ரசித்தேன். ஆனால் 1896-இல் அவர் இந்தியாவுக்கு வந்ததை ‘உலகைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில் வந்தார்’ என்று ஒரே வரியில் முடித்திருந்ததுதான் மனசுக்கு ஆறவில்லை. அவர் கடனை அடைக்க வந்தவர் ஐயா.

நான் 22 வருடம் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, அச்சானதும் திரும்பப் பிரித்து அதனதன் அறையில் போடுகிற வேலை. ட்வைனுக்கு 11 வயதில் அப்பா இறந்துபோக, சிறுவனாகவே அவரும் இதே வேலைக்குத்தான் வந்தார். அதனால்தான் பிற்காலத்தில் பெய்ஜ் என்பவர் எழுத்துக் கோக்கும் இயந்திரத்தோடு வந்தபோது கேட்டதற்கெல்லாம் பணம் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், அந்த விரல் வலி தெரிந்தவருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை! அந்த இயந்திரமோ மனிதக் கை செய்வதை அப்படியே செய்யப் பார்த்தது. சுமார் 18,000 உறுப்புகள். கொஞ்சம் ஓடும், நின்றுவிடும், மறுபடி கழற்றுவார்கள். அதற்குள் லைனோடைப் என்ற வேறொரு இயந்திரம் வந்துவிட்டது. அது ஒரு வரி முழுவதையும் ஈயத்தில் புதிதாக வார்த்துவிடும், வேலை முடிந்ததும் உருக்கிக்கொள்ளலாம், பிரிக்கிற வேலையே கிடையாது. ட்வைனின் பணத்தோடு மனைவி ஒலிவியாவின் சொத்தும் போனது. 1894-இல் அவருடைய பதிப்பகமும் திவாலானது.

கிடைத்ததைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருந்தது. அவர் முழுக்கடனையும் கட்டுவேன் என்றார். 60 வயதை நெருங்கும்போது, காலில் ராஜபிளவையோடு, 1895 ஜூலையில் மேடை ஏறிப் பேசிச் சம்பாதிக்கக் கிளம்பி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஒரு வருடம் ஊர் ஊராகப் போய் ஜனங்களைச் சிரிக்க வைத்தார்.

பயணம் முடிந்து இங்கிலாந்தில் தங்கியிருந்தபோதுதான், அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் சூசிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. ஒலிவியா கப்பல் ஏறினார். அவர் நடுக்கடலில் இருக்கும்போதே, 1896 ஆகஸ்ட் 18 அன்று, மூளைக்காய்ச்சலில் சூசி போய்விட்டாள். 24 வயது. இங்கிலாந்தில் தனியாக இருந்த அப்பாவுக்குத் தந்தி வந்தது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

அதற்குப் பிறகும் உட்கார்ந்து அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதி, 1898-க்குள் கடனை முழுவதுமாகக் கட்டி முடித்தார். 1904-இல் ஒலிவியா, 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடைசி மகள் ஜீன். நாலே மாதத்தில் அவரும்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
சிவகாசி