மண்சரிவுக்கு மழை மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டி மலை ரயிலைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், "மண்சரிவு இயற்கையின் விளையாட்டு, யார் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். நல்ல ஓட்டல் அறையில் கம்பளி போர்த்திக்கொண்டு எழுதியிருப்பார் போல. நான் அந்த லைனில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டுவிட்டார், பதில் சொல்கிறேன்.

மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தைக் கட்டிங் என்போம். மழைத் தண்ணீர் அந்த வெட்டில் இறங்காமல் ஒதுக்கிவிட, அதற்கு மேலே வாய்க்கால் இருக்கும். சருகும் சேறும் அதை அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறிக் கனக்கும். அப்புறம் பாறையும் மரமுமாக லைன்மேல் வந்து உட்காரும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வாய்க்காலைத் தூர்வாருவதும், அட்டைக்கடியோடு முதல் வண்டிக்கு முன்னே லைன் பார்த்து நடப்பதும்தான் எங்கள் வேலை. 2009 நவம்பர் மாதிரி கொட்டித் தீர்த்தால் எந்த வாய்க்காலும் தாங்காது, சரி. எல்லா மழையும் 2009 மழையா?

1899-ல் குன்னூர் வரை வண்டி வந்தது, 1908-ல் ஊட்டிக்குப் போனது. 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். இப்படியொரு மலையில் பாதை போட்ட துணிச்சலுக்குத்தான் யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னம் என்றது, புகைக்காக அல்ல. தங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் இதழின் அட்டைப்படத்தில் எஞ்சின் புகை, உள்ளேயும் எஞ்சின் புகை. மலையைத் தாங்கி நிற்கும் ஒரு தடுப்புச்சுவரின் படம்கூட இல்லை. சுவர் முன்னால் செல்ஃபி எடுபடாதுதான்.

ஜன்னல் வழியாகச் சுற்றுலாக்காரர்கள் வீசும் பாட்டில்கள் எங்கே போகின்றன தெரியுமா? லைனுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலங்களின் வாயில் போய் அடைக்கின்றன. கையை விட்டு எடுத்தவன் சொல்கிறேன். இதைப் பற்றிப் போன வருடமே தங்களுக்கு எழுதினேன். வெளிவரவில்லை. ஊட்டி வர்க்கி பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது, படித்தேன், நன்றாக இருந்தது.

எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரப் பாதை மேட்டுப்பாளையத்திலேயே தொடங்குவதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் அது. 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. இந்த இரண்டு திருத்தங்களையாவது அடுத்த இதழில் போடுங்கள். வர்க்கிக்குக் கொடுத்த இடம் போதும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
குன்னூர்.