ஆங்கில வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், போசகர், பொருளாளர், வந்திருக்கும் 9 அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். வராத 22 பேரும் இதை வட்ஸ்அப்பிலாவது பார்ப்பார்கள் என்று நம்பித்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

பொங்கல் விழாவும் வாணி விழாவும் வழமைபோல நடந்தன. சிரமதானம் இரண்டு முறை. 12 கூட்டங்களில் 7 நடந்தன, இரண்டை மாரி மழை குழப்பியது, மற்ற மூன்றுக்கும் ஆள் காணாது.

இனி நாவல் வாசிப்பு. பிரேரித்தது நான்தான், மறுக்கவில்லை. ஏஎல் பிள்ளைகளும் சரி, கந்தோரில் வேலை செய்பவர்களும் சரி, கடினமான இங்கிலிஷ் சொற்கள் என்று பட்டியல் எடுத்துப் பாடமாக்குவார்கள், மூன்றாம் நாள் கேட்டால் முழிப்பார்கள். போல் நேஷன் என்ற மொழியியலாளர் 2006 இல் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்: ஒரு ஆங்கில நாவலில் 100 சொல்லுக்கு 98 தெரிந்திருக்க வேணுமென்றால் 8,000 தொடக்கம் 9,000 சொற்குடும்பங்கள் கைவசம் வேணும் (ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கிற சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). அவ்வளவையும் பாடமாக்கி முடிக்கிற ஆள் வன்னியில் இல்லை, கதைக்குள்ளே திரும்பத் திரும்பக் கண்டு பழகுவதுதான் வழி என்று சொல்லித்தான் தொடங்கினேன்.

எடுத்தது லெனார்ட் வூல்பின் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்', 1913 இல் வந்தது. அவர் 1904 இல் சிவில் சேவைக்கு இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் இருந்தவர், மன்னார் முத்துக்குளிப்புக்கும் போனவர், பிறகுதான் அம்பாந்தோட்டை. கதை அந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமம். காடு, சேனை, வறட்சி, காய்ச்சல், கடன் என்று போகும். இதையெல்லாம் எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை என்றுதான் தெரிவு செய்தேன்.

முறை இதுதான். முதலில் ஊகிக்க வேணும், பக்கம் முடிந்தபிறகுதான் அகராதி, அப்புறம் கொப்பியில் சொல்லோடு அது வந்த வசனத்தையும் எழுத வேணும். 'அன்டர்குரோத்' வந்த அன்று ஒரு தங்கச்சி "வளர்ச்சி குறைஞ்சது" என்றா. ஓஎல் இங்கிலிஷில் மூன்று முறை குண்டடித்ததைத் தானே சொல்லிச் சிரிக்கும் ஐயா ஒருவர் பின்வாங்கிலில் இருந்து, "மரத்துக்குக் கீழ வளருறது தானே தம்பி, பற்றை" என்றார். மீள்குடியேறி வந்து ஒரு வருசம் முள்ளுப்பற்றை வெட்டின மனுசன். இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லுவார். சேனை 'சேனா' என்று ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது என்றதும் சுருட்டு 'செரூட்' ஆன கதை, மிளகுதண்ணீர் 'மல்லிகாட்டோனி' ஆன கதை என்று அரை மணித்தியாலம் போய்விட்டது. நிகழ்ச்சி நிரலைக் குழப்பியதாக என்னைக் கண்டித்துக் கூட்டக்குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

30 ஆம் பக்கத்தோடு நிற்கிறோம். அருவி வெட்டு, சோதனை, சாமத்திய வீடு, எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் "கதை என்னத்துக்கு, சொல்லுகளை மட்டும் போட்டோக்கொப்பி அடிச்சுத் தாங்கோ" என்று கேட்டவர்களும் சந்தா கட்டாதவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள். பெயர் வாசிக்கச் சொன்னார் பொருளாளர். நாளைக்கும் சந்தையில் முகம் பார்க்க வேணும், விட்டுவிட்டேன். வாங்கிய 5 பிரதிகளில் 2 தான் அலுமாரியில் இருக்கின்றன. மூன்றாவதை ஒரு வீட்டில் நெல்லு மூடைக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்ணால் கண்டேன், 12 ஆம் பக்கத்தில் பஸ் ரிக்கற்.

கணக்கு: சந்தா வந்தளவு வந்தது, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் கொஞ்சம் அனுப்பினார், புத்தகம், தேநீர், கரண்ட் காசு போக ஒரு சிறுதொகை மிச்சம். விபரம் பொருளாளரிடம். கணக்காய்வாளர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, வைப்பார்.

மண்டபம் தந்த சனசமூக நிலையத்துக்கும், தேநீர் ஊற்றிய அக்காமாருக்கும், கதிரை அடுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி.

இன்று புதிய நிர்வாகத் தெரிவு. செயலாளர் பதவிக்கு யார் வந்தாலும் கொப்பிகளை ஒப்படைக்கத் தயார், வேறு ஆள் இல்லையென்றால் பிறகு பார்ப்போம். இருட்டினால் யானைப் பயம் என்பவர்களுக்காக வாசிப்பை ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு மாற்றலாம். திறப்பு என் வீட்டில்தான் இருக்கிறது. அந்த மூன்று புத்தகத்தையும் மண்டப யன்னலால் உள்ளே போட்டுவிட்டுப் போனாலும் சரி, யாரென்று கேட்கமாட்டேன்.