பிள்ளையின் பயணப் பை

முரசுமோட்டை,
22.02.2026

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் வீட்டாரும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மாள் துணை.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வள்ளம் திருத்தி முடிந்து அண்ணா மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று வாசித்ததும் மனம் ஆறியது. இங்கே காலபோக அறுவடை முடிந்துவிட்டது. டித்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த பயிர் என்ன தரும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஏக்கரில் வந்தது வீட்டுச் சோற்றுக்கும் விதைநெல்லுக்கும் சரி. அதை விடு.

மகள் ஏப்ரல் முதல் வாரம் யப்பானுக்குப் படிக்கப் புறப்படுகிறாள். வருடப் பிறப்புக்கு இங்கே இருக்க மாட்டாள். உன் மகன் இந்த ஆண்டு உயர்தரம் எழுதுவதால் எல்லா விவரமும் எழுது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இது யப்பான் அரசாங்கத்தின் புலமைப்பரிசில். அவர்களுடைய கல்வி அமைச்சு கொடுக்கிறது. கொழும்பிலுள்ள யப்பான் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சித்திரை தொடக்கம் தூதரகத்தின் அறிவித்தலை அவன் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எழுத்துப் பரீட்சை கொழும்பில். பொறியியல் பக்கம் போகிறவர்களுக்குக் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், ஆங்கிலம். யப்பானிய மொழிக்கும் ஒரு தாள் உண்டு. ஓர் எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளுக்கும் இருந்தாக வேண்டும். பிறகு நேர்முகம். தூதரகம் தெரிவு செய்து அனுப்பினாலும் கடைசிச் சொல் யப்பானிலிருந்துதான் வர வேண்டும். அந்த இடைப்பட்ட மாதங்கள்தான் என்னை வாட்டியெடுத்தன. தைப்பொங்கல் கழிந்த பிறகே எங்களுக்கு முடிவு வந்தது.

ஒன்றை அவனுக்கு அழுத்திச் சொல். இதற்கு விண்ணப்பக் கட்டணம் எதுவும் இல்லை. நகரத்தில் முகவர் ஒருவர் மூன்று இலட்சம் தந்தால் எல்லாம் பார்த்துக்கொள்வதாக எங்களிடம் சொன்னார். நானும் கொஞ்சம் தடுமாறிப் போனேன். மகள்தான் தூதரகத்தின் அறிவித்தலை வரிவரியாக வாசித்துக் காட்டினாள். படிக்கிற பிள்ளைகளின் ஆசையைக் காசாக்குகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மொத்தம் ஐந்து ஆண்டுகள். முதல் ஆண்டு முழுவதும் மொழி. கணிதம், பௌதிகவியல் எல்லாவற்றையும் யப்பானிய மொழியிலேயே கேட்டு விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழக்குகிறார்கள். அதைத் தோக்கியோவில் வெளிநாட்டு மொழிகளுக்கான பல்கலைக்கழகத்தில் படிப்பார்கள், அல்லது ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில். அவளுக்குத் தோக்கியோ கிடைத்திருக்கிறது. அந்த ஓராண்டின் புள்ளிகளைப் பார்த்துத்தான் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்வார்களாம். ஆகவே இப்போது ஊரில் யாராவது 'எந்தப் பல்கலைக்கழகம்?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம்.

எங்கள் பெரியண்ணா இதை ஏற்கவேயில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அறிவியல் நகரில், எங்கள் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. உயர்தரத்தில் அவள் எடுத்த இசட் புள்ளிக்கு மாவட்ட அடிப்படையில் அங்கே இடம் கிடைத்திருக்கும். காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு. 'கையிலிருக்கிற நெல்லைக் கொட்டிவிட்டு மழையைப் பார்த்து நிற்கிறாய்' என்றார். இரண்டு இரவு நான் உறங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்காக நாம் பட்ட பாட்டை நினைத்தேன். 1996 இல் போருக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடி, ஸ்கந்தபுரத்தில் மரத்தின் கீழ் சாக்கை விரித்து இருந்து உயர்தரம் படித்தோமே. அப்போது இப்படி ஒரு பீடம் பக்கத்தில் இருந்திருந்தால் நான் நடந்தே போயிருப்பேன்.

ஆனால் அவள் படிக்க விரும்புவது ஆற்றையும் வெள்ளத்தையும். அது சின்ன வயதிலிருந்தே உள்ள கிறுக்கு. கார்த்திகையில் வெள்ளம் ஏறிய இரவு நாங்கள் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவள் கமுகஞ் சலாகை ஒன்றில் அடிமட்டத்தால் கோடு கீறி, படலையடியில் நட்டுவிட்டாள். மணிக்கு ஒருதரம் டோர்ச் அடித்துப் பார்த்து, நீர் ஏறிய அளவைக் கொப்பியில் எழுதினாள். விடிய நாலு மணிக்கு 'அம்மா, இனி ஏறாது, இரண்டு மணித்தியாலமாக ஒரே கோட்டில் நிற்கிறது' என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அந்தக் கொப்பியைப் பெரியண்ணாவிடம் காட்டினேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

தோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா என்ற மாகாணத்தில், வெள்ள நீரை நிலத்துக்கு அடியில் வாங்கி வேறு ஆற்றில் விடுவதற்கு ஒரு சுரங்கம் கட்டியிருக்கிறார்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நீர் இறங்கும் கிணறுகள் ஐந்து. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழம். நீர் சேரும் மண்டபத்தின் தூண்களைத் தொலைபேசியில் காட்டினாள். பெரிய கோயில் ஒன்றின் உள்வீதி போல இருக்கிறது. கட்டி முடித்தது 2006 இல், அவள் பிறந்த ஆண்டு. 'அதைப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும் அம்மா' என்றாள். அதன்பிறகு நான் அறிவியல் நகரைப் பற்றிப் பேசவில்லை.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தாய். படிப்புக் கட்டணம் இல்லை, விமான டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள். மாதம் 117,000 யென் உதவித்தொகை. இருப்பிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் போய் இறங்கியவுடன் அந்தப் பணம் கைக்கு வராது. முதல் தேவைகளுக்கு 2,000 அமெரிக்க டொலர் அளவில் கொண்டுவரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நம் காசில் ஆறு இலட்சத்துக்கு மேல். இது உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்; எனக்கு இது பிந்தித்தான் தெரிந்தது. சிவலைப் பசுவைக் கன்றோடு கொடுத்தேன். சீட்டை முன்தள்ளி எடுத்தேன். மீதிக்குக் காப்பை ஈடு வைக்கப் புறப்பட்ட அன்று பெரியண்ணா வந்து, நெல் விற்ற காசைச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார்.

உன் மகன் இன்றைக்கே ஹிராகனா எழுத்துகளை எழுதிப் பழகட்டும். அடிப்படை எழுத்து 46 தான். 247 எழுத்தைப் பாலர் வகுப்பிலேயே விழுங்கிய பிள்ளைகளுக்கு அது பெரிதில்லை. அதற்குப் பிறகு கட்டகனா, அதையும் கடந்தால் சீன எழுத்துகள். அன்றாட வாசிப்புக்கென்று அவர்கள் வகுத்திருப்பது 2,136. அதுதான் மலை.

ஆனால் வசனம் நம் வசனம்தான், தோழி. ஆங்கில வகுப்பில் வினைச்சொல்லை நடுவில் தூக்கி வைக்க நாம் பட்ட பாடு இதில் இல்லை. 'வதாஷி வா அஷிதா கக்கோ நி இகிமாஸ்': நான், நாளைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இன்னும் ஒன்று கேள். அவர்களுக்கு 'கோரெ' என்றால் இது, 'அரெ' என்றால் அது. இரண்டுக்கும் நடுவில் 'சோரெ' என்று ஒரு சொல் இருக்கிறது. பேசுகிறவருக்குத் தள்ளி, கேட்கிறவருக்குக் கிட்ட இருக்கும் பொருளைச் சொல்வதற்கு. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி காணொளியில் இதை விளக்க மிகவும் சிரமப்பட்டாளாம். என் மகள் உடனே பிடித்துவிட்டாள். அது நம்முடைய 'உது'. 'உதை எடு பிள்ளை' என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம்!

சுசுமு ஓனோ என்ற யப்பானியப் பேராசிரியர் தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாசும் மனோன்மணி அம்மையாரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் போகட்டும். தெரியாத ஊரில் போய் இறங்கும் பிள்ளைக்கு, வாயில் வரும் வசனமாவது அந்நியமாக இராது என்பதே எனக்குப் போதும்.

இப்போது பைக்கு வருகிறேன். அதை எழுதத்தான் உண்மையில் இருந்தேன்.

நமக்குப் பை கட்டத் தெரியும். எதை எடுப்பது, எதை விடுவது என்று அரை மணித்தியாலத்தில் தீர்மானிக்கத் தெரியும். ஸ்கந்தபுரத்துக்கு ஒருமுறை. பிறகு தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று ஒவ்வோர் இடத்திலும் பை சிறுத்துச் சிறுத்து, கடைசியில் என் இடுப்பில் கட்டிய பொலித்தீன் பை ஒன்றுதான் மிஞ்சியது. அதற்குள் மகளின் கிளினிக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. மெனிக் பாம் முகாமில் அவற்றைக் கூடாரக் கயிற்றில் நீதான் காயப்போட்டாய். நினைவிருக்கிறதா? கிளினிக் கொப்பியின் ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஊறிய கோடு இன்னும் அழியவில்லை. ஊசி போட்ட விவரம் அதில்தான் இருக்கிறது என்று அதையும் அவளோடு அனுப்புகிறேன்.

பழகிய கை இப்போது ஓடவில்லை. ஒரு மாதம் முழுதும் நேரமிருக்கிறது, துரத்துகிறவர் யாரும் இல்லை, நிறுவையும் விமான நிறுவனம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் மூன்றுதரம் அடுக்கி மூன்றுதரம் கலைத்துவிட்டேன். கறிவேப்பிலையைக் காயவைத்துச் சுற்றி வைத்தேன்; இலை, பழம், விதை எதுவும் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், இறைச்சியும் கூடாது என்று அவள் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மட்டும் விமான நிலையத்தில் மறைக்காமல் காட்டிக் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறாள். குளிருடுப்பு இங்கே எங்கே வாங்குவது? மார்கழிப் பனிக்குத் தலையில் துவாய் கட்டுவதோடு நம் குளிர் முடிந்துவிடும். அதை அங்கே போய் வாங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த இரவுகளில் ஒன்றில்தான் அவள் இதைச் சொன்னாள். யப்பானில் நிலநடுக்கம் அடிக்கடி வருவதால் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்வார்களாம். தண்ணீர், டோர்ச், வானொலி, மருந்து, அடையாளப் பத்திரங்கள். எழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். எனக்கு அடிவயிறு குளிர்ந்துவிட்டது. இந்தப் பையிலிருந்து தப்பட்டும் என்றுதானே இவ்வளவு தொலைவு அனுப்புகிறேன்! சுனாமி என்ற சொல்லே அவர்களுடையது. துறைமுக அலை என்று பொருளாம். 2004 மார்கழியில் உன் கரையில் என்ன நடந்தது என்பதை நாம் கண்டோம். 2011 இல் அது அவர்கள் கரைக்கும் வந்தது.

'அம்மா, அங்கே அந்தப் பையைக் கடையில் விற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நாங்கள் ஓடியபோது எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை' என்றாள். மூன்று வயதில் ஓடிய பிள்ளை. என்னென்ன நினைவில் வைத்திருக்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இன்னும் ஒன்று. கடவுச்சீட்டுக்கு வவுனியா போனபோது குடும்பப் பெயர் என்ற இடத்தில் வழக்கம்போல அப்பாவின் பெயரை எழுதினோம். அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. யப்பானில் ஒருவரைக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், பின்னால் 'சான்' என்று மரியாதைக்குச் சேர்த்து. வகுப்பில், விடுதியில், கடிதத்தில், எங்கேயும் அவள் அவருடைய பெயரால்தான் அழைக்கப்படுவாள். தமிழில் நான்கு எழுத்து. கட்டகனாவில் ஆறு குறியாக எழுதிக் காட்டினாள்.

அவர் இருந்த காலத்திலும் நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். மாத்தளனில் அவரை விட்டு வந்த பிறகு இந்த வீட்டில் யாரும் அதை உரத்துக் கூப்பிட்டதில்லை. நேற்றுப் பின்னேரம் மகள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். 'அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். ஒருக்கால் கூப்பிடுங்கள் அம்மா' என்றாள். குசினி வாசலில் நின்று கூப்பிட்டேன். 'ஹாய்' என்று குரல் வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு 'ஓம்' என்று பொருள்.

மார்ச் கடைசிக் கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு நாளாவது நில். அவள் தன் கொப்பிகளை அவனுக்கென்று ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். மாமியைப் பார்க்காமல் பஸ் ஏற மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
உன் தோழி