பேய் வீடல்ல, அன்னசத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை வட்டாரத்தின் பழைய சத்திரங்களைப் பேய் உலவும் இடங்களாகக் காட்டும் காணொளிகள் பெருகிவருவது வேதனையளிக்கிறது. ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தை எழுப்பிய இரண்டாம் சரபோஜி மன்னர், சத்திரங்களின் பணியை 1801-இல் தஞ்சை அரசவையில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதியான ரெசிடெண்டுக்குக் கடிதமாகவே எழுதினார். இராமேசுவர யாத்திரிகர்கள் உள்ளிட்ட எல்லா வகுப்பினருக்கும் உணவு, நோயுற்றோருக்கும் விஷக்கடிபட்டோருக்கும் வைத்தியம், அனாதைக் குழந்தைகளுக்குக் கல்வி, கர்ப்பிணிகளுக்குப் பராமரிப்பு என அதில் அவர் விவரிப்பவை இன்றும் நெஞ்சை நெகிழவைக்கின்றன. பசித்தவர் எவராயினும் சோறிட்ட இத்தகைய வீடுகளையா நாம் நம் பிள்ளைகளுக்கு அச்சத்தோடு அறிமுகப்படுத்துவது?

இரவில் கேட்கும் ஓசை, பெரும்பாலும் இடிந்த மாடங்களில் அடையும் வௌவால்களும் ஆந்தைகளும் எழுப்புவதே. உண்மையான ஆபத்து, சுண்ணாம்புக் காரையைப் பிளந்து சுவருக்குள் இறங்கும் அரச மர வேர்களிலும், பேய் தேடி இரவில் நுழைவோர் சுவர்களில் கீறிச்செல்லும் பெயர்களிலும் இருக்கிறது. மனோரா கோட்டை, தரங்கம்பாடியின் 1620-ஆம் ஆண்டு டேனிஷ் கோட்டை ஆகியவை பெறும் கவனத்தில் ஒரு பங்கேனும் சத்திரங்களுக்கும் வேண்டும். மழைக்காலத்துக்கு முன் வேர்களை அகற்றி, காவலர் அமர்த்தி, ஒவ்வொரு சத்திரத்தின் வரலாற்றையும் வாசலில் தமிழில் எழுதிவைக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்ட வாசகர் ஒருவர்