மொட்டைத் தலை எல்லாம் புத்தர் இல்லை

ஆசிரியருக்கு,

ஜேட் என்னும் கெட்டியான மணிக்கல்லில் செய்த சீனச் சிற்பங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அருமை, ஆனால் படங்களில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் எல்லாரையும் புத்தர் என்று போட்டுவிட்டீர்களே! குகைக்குள் வற்றிய உடம்பும் தொங்கும் புருவமுமாக இருப்பவர் அர்ஹத், புத்தரின் சீடர். 1757இல் ஹாங்சோ கோயில் ஒன்றில், பழங்காலத் துறவி ஓவியர் குவான்சியூ வரைந்ததாகச் சொல்லப்படும் 16 அர்ஹத் ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப்போன சீனப் பேரரசர் சியான்லோங், அந்த உருவங்களை ஜேட் பாறைகளிலும் கொண்டுவர வைத்தார். 1759இல் மேற்கே உள்ள சின்ஜியாங் பகுதி அவர் கைக்கு வந்ததும், அங்குள்ள கோத்தானின் ஜேட் கல்லுக்கும் பஞ்சமில்லை.

அப்புறம், 'உளியால் செதுக்கிய' என்பதும் சரியில்லை. ஜேட்டிடம் உளி பலிக்காது, ஈர மணலை வைத்துச் சக்கரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் எடுக்க வேண்டும். தாமரை, சங்கு, மீன் என பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்களும் இருக்கும் கிண்ணத்தை வெறும் பூ வேலைப்பாடு என்று தள்ளியது இன்னும் அநியாயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்