ஆண்டிவைரஸ் தயாரிப்பாளர்களுக்கு, ஒரு டிடிபி கடையிலிருந்து

ஐயா, அம்மா, வணக்கம்.

கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கடைத்திறப்பு நோட்டீஸ், இவைதான் எங்கள் பிழைப்பு. உங்களுக்கு வருடா வருடம் தவறாமல் பணம் கட்டுகிறவன் நான். கட்டாமல் முடியாது. நாள் முழுக்க யார் யாரோ பென் டிரைவைக் கொண்டுவந்து செருகுகிறார்கள். அதில் என்ன குடியிருக்கும் என்று கொண்டுவருபவருக்கே தெரியாது.

சென்ற மாதம் புதுக் கணினி வாங்கினோம். தமிழ் தட்டச்சுக்கு நாங்கள் பல வருடமாக வைத்திருக்கும் சின்ன இலவச மென்பொருளை, எழுதியவருடைய தளத்திலிருந்தே டவுன்லோடு செய்தேன். முழுக்க இறங்கியது, உடனே மறைந்தது. "அண்ணா, ஃபைலைக் காணோம்" என்றாள் கடையில் வேலை பார்க்கும் பெண். திரையின் மூலையில் உங்கள் அறிவிப்பு: அச்சுறுத்தல் நீக்கப்பட்டது. எது, ஏன், இப்போது எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. மெனு மெனுவாகத் திறந்து தேடினால், நீங்கள் பிடித்ததை அடைத்துவைக்கும் குவாரண்டைனில் கிடந்தது. பக்கத்தில் 'ஜெனரிக்' என்று ஒரு பெயர். அதாவது, இன்ன வைரஸ் என்று அடையாளம் கண்டு பிடிக்கவில்லை, சாயல் இருக்கிறதாம்.

சாயல் இருக்கத்தான் செய்யும். நாங்கள் எந்த விசையை அழுத்துகிறோம் என்று எல்லா மென்பொருளிலும் கூடவே இருந்து பார்த்துத்தான் இது ஆங்கில எழுத்தைத் தடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் எழுத்தை வைக்கிறது. அழுத்தும் விசைகளை ரகசியமாகப் பதிந்து கடவுச்சொல் திருடும் கீலாகரும் விண்டோஸிடம் அதே வசதியைத்தான் கேட்கிறது. திருடனும் ஏணி சாத்துகிறான், வெள்ளையடிப்பவரும் ஏணி சாத்துகிறார். நீங்கள் ஏணியை மட்டும் பார்க்கிறீர்கள்.

சரி, நம் பக்கம் தவறு இருக்கலாம் என்று கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷை (கோப்பின் கைரேகை மாதிரி; கோப்பு கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறிவிடும்) எடுத்து, எழுதியவர் தந்திருந்த 64 எழுத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றுதான். ஒரே கோப்பைப் பல ஆண்டிவைரஸ்களிடம் காட்டிப் பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினேன். எழுபதுக்கு மேற்பட்ட ஸ்கேனர்களில் நான்கு மட்டும் 'சந்தேகம்' என்றன. உங்களில் சிலர் அடுத்தவருடைய ஸ்கேன் எஞ்சினை வாங்கித்தான் உங்கள் பெயரில் விற்கிறீர்கள் என்பதால், அந்த நான்கும் நான்கு சாட்சிகளா என்பதே எனக்குச் சந்தேகம்.

எழுதியவருக்கு மெயில் போட்டேன். ஒவ்வொரு பதிப்புக்கும் இதே கதைதானாம். போன பதிப்புக்கு நீங்கள் கொடுத்த விடுதலை இந்தப் பதிப்புக்குச் செல்லாது, ஹாஷ் மாறிவிடுகிறதே. மென்பொருள் தன்னுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் வாங்கலாம் என்றால் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர். 2023 ஜூனிலிருந்து கையொப்பமிடும் சாவியைத் தனி வன்பொருளில் வேறு வைத்திருக்க வேண்டும். இலவசமாகக் கொடுப்பவர் எங்கே போவார்?

பெரிய இடங்களில் இது நடக்கும்போது கதை வேறு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்து உலகெங்கும் கணினிகளைப் படுக்க வைத்தது. 2012 செப்டம்பரில் சோபோஸ் ஆண்டிவைரஸ் தன்னைப் புதுப்பிக்கும் அப்டேட்டரையே பிடித்துக்கொண்டது (இதைப் படித்து நான் சிரித்தது உண்மை). 2022 செப்டம்பரில் விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸான டிஃபெண்டர் குரோம் பிரவுசரைச் சந்தேகித்தது. அங்கெல்லாம் திருத்தம் ஓடோடி வந்தது. தமிழ் தட்டச்சு மென்பொருளுக்காக யார் ஓடுவார்கள்?

நம்பிக்கையான இடத்திலிருந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. 2017இல், கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனரின் அதிகாரபூர்வ, கையொப்பமிட்ட பதிப்பிலேயே வைரஸ் இருந்தது. 2023 மார்ச்சில், வைரஸ் புகுந்திருந்த 3சிஎக்ஸ் போன் மென்பொருளை ஆண்டிவைரஸ் சரியாகவே பிடித்தது. ஆனால் பயன்படுத்தியவர்களில் பலர் 'வழக்கமான பொய் எச்சரிக்கை' என்று நினைத்துவிட்டார்கள். அப்படி நினைக்கப் பழக்கியது யார்?

என் கடையிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. "ஆண்டிவைரஸையே ஆஃப் பண்ணிடலாமாண்ணா?" என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டாள். பக்கத்துத் தெருக் கடையில் டி டிரைவ் முழுவதையும் விதிவிலக்கில் (ஸ்கேன் செய்யாதே என்ற பட்டியலில்) போட்டு வைத்திருக்கிறார்கள். பென் டிரைவ் கோப்புகள் இறங்குவது அதில்தான்.

எனவே, 'இது தெரிந்த வைரஸ்', 'இது சாயல்', 'இதை இதற்குமுன் பார்த்ததில்லை' என்ற மூன்றையும் ஒரே சிவப்புப் பெட்டியில் போடாதீர்கள். எனக்குப் புரியும் தமிழில் தனித்தனியே சொல்லுங்கள். சாயலுக்காகப் பிடித்தால் என்னைக் கேட்காமல் அழிக்காதீர்கள்; திரும்ப எடுக்கும் பொத்தானை அந்த அறிவிப்பிலேயே வையுங்கள். தவறான எச்சரிக்கை என்று எழுதுகிறவருக்கு, எத்தனை நாளில் பார்ப்பீர்கள் என்று தேதி சொல்லிப் பதில் போடுங்கள். அடுத்த பதிப்புக்கு அவர் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டாம்.

அந்த ஒரு கோப்பை மட்டும் விதிவிலக்கில் சேர்த்து வேலையை ஓட்டுகிறேன். போன வாரம் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. இன்னும் தொடவில்லை. இந்த முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் முதலில் அச்சுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் டிடிபி கடைக்காரன்